லைன் இருந்தும் கிரிட் ஏன் விழுந்தது?

இன்னைக்கு மின்சார கிரிட் பற்றிப் பேசலாம்.

2012 ஜூலை 30, அதிகாலை 2:33. மத்தியப் பிரதேசத்தில் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் ட்ரிப் ஆகுது. கம்பி எதுவும் அறுந்து விழலை. லைனில் லோடு அதிகம், வோல்டேஜ் குறைவு. ரிலே அதை ஃபால்ட்னு எடுத்துக்கிட்டு லைனைத் துண்டிச்சிடுச்சு. அந்த வழியில் பல லைன்கள் ஏற்கனவே சேவையில் இல்லை. கொஞ்ச நேரத்தில் வட இந்திய கிரிட்டே விழுந்தது. மறுநாள் மதியம் மறுபடியும். இந்த முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூணும் போச்சு. 60 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் பகுதி. ரயில்கள் நடுவழியில் நின்றன. மேற்கு வங்கத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் நிலத்தடியில் சிக்கினாங்க.

நான் சாஃப்ட்வேர் ஆள். எங்க உலகத்தில் ஒரு சர்வரில் கூட்டம் கூடினா, லோடு பேலன்சர் வேற சர்வருக்குத் திருப்பிவிடும். ஏசி கிரிட்டில் அது நடக்காது. எந்த லைனில் எவ்வளவு போகணும்னு அந்தந்த லைனோட இம்பீடன்ஸ்தான் முடிவு பண்ணும். ஒண்ணு நிரம்பி வழியும்போது பக்கத்து லைன் பாதி காலியா இருக்கலாம். நிரம்பினது ட்ரிப் ஆனா, அதோட சுமை மத்த லைன்கள் மேல விழும்.

இதை மாத்தத்தான் சில கருவிகள் இருக்கு. டிசிஎஸ்சி என்பது தைரிஸ்டர் மூலமா லைனோட இம்பீடன்ஸையே கூட்டிக் குறைக்கும். உயரழுத்த டிசி லிங்க்கில் எத்தனை மெகாவாட் போகணும்னு நாமே செட் பண்ணலாம். 2012-ல் தென்னிந்திய கிரிட் தனி ஃப்ரீக்வென்சியில் ஓடியது. மத்த கிரிட்டோடு இணைப்பு டிசி வழியாத்தான். அதனால் அந்தச் சரிவு இங்கே பரவலை. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியா நாமும் அதே கிரிட்டில் சேர்ந்துட்டோம். இப்போ இது நம்ம பிரச்சினையும்தான்.

சரி, ஆப்டிமைசேஷன் எங்கே வருது? கிரிட்டின் அடிப்படை விதி என்-1: எந்த ஒரு லைன் போனாலும் மீதி தாங்கணும். எளிய வழி, எல்லா லைனிலும் எப்பவும் இடம் விட்டு ஓட்டுவது. பாதுகாப்புதான், ஆனா மலிவான மின்சாரம் இருந்தும் அனுப்ப முடியாது. இன்னொரு வழி, 'இந்த லைன் போனா அந்த டிசி லிங்க்கில் இவ்வளவு கூட்டு, அந்த டிசிஎஸ்சியை இப்படி மாத்து' என்ற விடைகளை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைப்பது. ட்ரிப் ஆனபிறகு உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடையாது. ஆயிரக்கணக்கான லைனுக்கும் முழுக் கணக்கு போட்டா கம்ப்யூட்டர் திணறும். அதனால் மோசமான சில சாத்தியங்களை முதலில் தீர்த்து, அந்த விடை மத்ததுக்கும் தாங்குதான்னு சரிபார்த்து, தாங்காததைச் சேர்த்துத் திரும்பப் போடுவாங்க.

தமிழ்நாட்டில் புகளூர் வரைக்கும் ராய்கரிலிருந்து 800 கிலோவோல்ட் டிசி லிங்க் வருது. திறன் 6,000 மெகாவாட். பெரிய வசதி. ஆனா 2012 விசாரணைக் குழு சொன்னதை மறக்கக் கூடாது: டிசி லிங்க், டிசிஎஸ்சி மாதிரி கருவிகளை உடனே தணிக்கை செய்து, அவற்றின் நிலைப்புத்தன்மை வசதிகள் ஆன் ஆகியிருக்கான்னு உறுதி செய்யணும். கோடு எழுதிட்டு ஃபீச்சரை ஆன் பண்ண மறந்த எல்லாருக்கும் இது புரியும். கருவி வாங்குவதோடு வேலை முடியாது. அதைச் சரியான அளவில் செட் பண்ணி, தினமும் சரிபார்க்கணும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.