சர்ப்பகந்தி வேரும் மூளையின் இரசாயனமும்

மூளையின் நரம்பணுக்கள் பெரும்பாலும் சில இரசாயனப் பொருள்களின் வாயிலாகவே ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. இவ்வுண்மை தெளிவுபெற உதவியவற்றுள் நம் நாட்டு மூலிகையாகிய சர்ப்பகந்தியும் ஒன்று.

இதன் வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் மனநோயாளரை அமைதிப்படுத்துவதையும் 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் எடுத்துக்காட்டினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் வெளியிட்ட கட்டுரை மேனாட்டாரின் கவனத்தை ஈர்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் இவ்வேரிலிருந்து ரெசர்ப்பின் என்னும் மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது.

ரெசர்ப்பின் உட்கொண்டோர் சிலருக்குக் கைகால் நடுக்கமும் விறைப்பும் தோன்றின. இப்பக்க விளைவே புதியதோர் உண்மைக்கு வழிகாட்டியது. சுவீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன், 1957-இல் முயல்களுக்கு ரெசர்ப்பினைச் செலுத்தினார். அவை அசைவற்றுக் கிடந்தன. லெவோடோபாவைச் செலுத்தியதும் மீண்டும் இயங்கின. மூளையிலுள்ள டோபமின் என்னும் பொருளை ரெசர்ப்பின் வற்றச் செய்கிறது என்பதும், லெவோடோபா டோபமினாக மாறி அக்குறையை ஈடுசெய்கிறது என்பதும் பின்னர் விளங்கின. பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்திற்கு ஆளாகி இறந்தோரின் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருப்பதை 1960-இல் வியன்னா ஆய்வாளர்கள் கண்டனர். இன்றும் அந்நோய்க்கு லெவோடோபாவே முதன்மையான மருந்து. 2000-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற மூவருள் கார்ல்சனும் ஒருவர்.

மரபறிவைச் சோதித்து, நன்மையோடு தீமையையும் பதிவு செய்து, காரணத்தைத் துருவிக் காணும்போதே அஃது அறிவியலாக மலர்கிறது. வேருக்காக அகழப்படுவதால் காடுகளில் சர்ப்பகந்தி அருகிவிட்டது. அதன் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுள்ளது. ஆகவே அதனைப் பயிரிட்டுப் பெருக்குவதும் ஆய்வுப் பணியின் ஓர் அங்கமேயாகும்.