ஓசூர்த் தேருக்கு எந்தப் பஞ்சாங்கம்?

பங்குனி உத்திரத்தன்று தேர் பார்க்கலாம் என்று ஓசூருக்குக் கிளம்பும் வெளியூர்க்காரர் சில ஆண்டுகளில் ஏமாந்து திரும்புவார். 2025இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11ஆம் தேதி வந்தது. சந்திரசூடேஸ்வரர் தேரோ நான்கு வாரத்துக்கு முன்பே, மார்ச் பௌர்ணமியை ஒட்டி ஓடி நிலைக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு சிக்கலே இல்லை. உத்திரமும் அந்தப் பௌர்ணமியும் மார்ச் 25 அன்றே சேர்ந்து வந்தன. 2023இல் மறுபடியும் ஒரு மாத இடைவெளி.

காரணம் எளிது. கர்நாடக எல்லையில், பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வீட்டு மொழிகள். ஒரு தெருவில் பாம்புப் பஞ்சாங்கம் தொங்கும். அடுத்த தெருவில் மைசூர் ஒண்டிக்கொப்பல் பஞ்சாங்கம் புரளும். தமிழ் மாதம் சூரியனின் நடையை வைத்துப் பிறக்கிறது. தெலுங்கு, கன்னட மாதமோ அமாவாசை முடிந்து தொடங்கி, அடுத்த அமாவாசையில் முடிகிறது. பன்னிரண்டு சந்திர மாதங்களைக் கூட்டினால் 354 நாள்தான். ஆண்டுக்கு ஏறக்குறைய பதினோரு நாள் குறைவதால், மூன்றாண்டுக்கு ஒருமுறை போல ஓர் அதிக மாதத்தைச் சேர்த்துக் கணக்கை நேர் செய்கிறார்கள். ஓசூர்த் தேர் இந்தச் சந்திரக் கணக்கின் கடைசி மாதமான பால்குனத்தின் பௌர்ணமியைப் பிடித்துக்கொண்டு போகிறது. அதற்கு இரண்டு வாரம் கழித்து யுகாதி. அதற்கும் பிறகு, ஏப்ரல் 14 வாக்கில் சித்திரை முதல் நாள்.

சந்திரசூடேஸ்வரரும் மரகதாம்பாளும் குடியிருக்கும் மலை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. படியேறியும் போகலாம், வண்டியிலும் மேலே போய்விடலாம். சிவன் இங்கே உடும்பு வடிவில் ஓடினார், அம்பாள் துரத்திப் பிடித்தார் என்பது தலக்கதை. பக்கத்திலேயே பெருமாள் மலை, பிரம்மா மலை என்று இன்னும் இரண்டு குன்றுகள். மும்மூர்த்திகளையும் ஒரே காலையில் சுற்றிவந்துவிடலாம் என்பதில் ஓசூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

தேர் ஓடுவது மலையின் கீழே, தேர்ப்பேட்டையில். அந்தப் பேட்டைக்குப் பெயர் வந்ததே தேரால்தான். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் எல்லைக்கு அப்பாலிருந்தும் கூட்டம் வந்து சேரும். தேர் முடிந்ததும் கிளம்பிவிடுகிறவர்கள் பாதித் திருவிழாவைத்தான் பார்த்தவர்கள். இரவில் அலங்காரப் பல்லக்குகள் அணிவகுத்து வரும் பல்லக்கு உற்சவமும், பச்சைக்குளத்தில் நடக்கும் தெப்பமும் அதற்குப் பிறகுதான். திருவிழாவுக்கென்றே வருகிறவர்கள் இரண்டு இரவு தங்கும்படி வருவது நல்லது. மார்ச் வெயில் பகலில் சுடும். ஆனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால் மாலைக்கு மேல் காற்று இதமாகிவிடும்.

தேரோட்டத்துக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பது வழக்கம். பள்ளியும் அரசு அலுவலகமும் மூடும். வேறொரு சனிக்கிழமை வேலை நாளாகி அதை ஈடு கட்டும். வங்கிக்கும் தொழிற்சாலைக்கும் அந்த அறிவிப்பு பொருந்தாது. இங்கேதான் ஓசூரின் மூன்றாவது பஞ்சாங்கம் தலைகாட்டுகிறது.

சிப்காட் வந்து, டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று ஆலைகள் வரிசையாக எழுந்த பிறகு, இந்த ஊரில் பாதிப் பேருக்கு நல்ல நாள் பார்த்துக் கொடுப்பது ஷிப்ட் அட்டவணைதான். தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்சாலைகள் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கோடு, ஐந்து பண்டிகை நாள்களுக்கு விடுமுறை தரவேண்டும். அந்த ஐந்தில் பொங்கலும் தீபாவளியும் ஆயுத பூஜையும் இடம்பிடித்த பின் மற்றதற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆகவே தொழிலாளர் குடும்பங்களின் சாமி தரிசனம் வார ஓய்வு நாளில் வந்து குவிகிறது. ஞாயிறன்று பெங்களூர்க் கார்களும் சேர்ந்துகொள்ளும். நெருக்கடி இல்லாமல் சாமி பார்க்க நினைப்பவருக்குச் செவ்வாய் முதல் வியாழன் வரையிலான காலை வேளையே ஏற்றது. அந்த நாள்களில் பிரதோஷமோ பௌர்ணமியோ வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பதினோரு மணிக்குள் மலையேறிவிடுவது உசிதம்.

மாதப் பெயரில்தான் இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் வழக்கு; திதியில் இல்லை. அமாவாசை எல்லாருக்கும் அமாவாசையே. ஓசூரை அடுத்த மோரனப்பள்ளி பிரத்தியங்கிரா தேவி கோயிலில் அமாவாசை யாகத்துக்கு மாநில எல்லை பார்க்காமல் கூட்டம் கூடுவது அதனால்தான். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை போகும் சாலையில் இருக்கும் கந்திகுப்பம் காலபைரவருக்குத் தேய்பிறை அஷ்டமி. மகா சிவராத்திரிக்கு மறுநாளை ஒட்டி, மாசி அமாவாசையில் காவேரிப்பட்டினம் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை. அன்று அந்த ஊரில் வண்டி நகராது. பார்க்க வருபவர்கள் வாகனத்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடப்பதுதான் வழி.

பெருமாள் கோயில்களுக்குக் கணக்கு மறுபடியும் மாறும். தமிழர்களுக்குப் புரட்டாசிச் சனி விசேஷம். கன்னட, தெலுங்குக் குடும்பங்களுக்குச் சிராவணச் சனியும் முக்கியம். அது பெரும்பாலும் ஆடிக் கடைசியிலும் ஆவணியிலும் வரும். சிவனுக்கு விளக்கேற்றும் கார்த்திகையும் அப்படியே. 2025இல் தெலுங்கு, கன்னடக் கார்த்திக மாதம் தீபாவளி அமாவாசை கழிந்து அக்டோபர் 22இல் தொடங்கியது. தமிழ்க் கார்த்திகை பிறந்தது நவம்பர் 17இல். இந்த எல்லை ஊர்களில் கார்த்திகைச் சோமவாரம் எது என்று கேட்டால், கேட்கப்படுபவரின் வீட்டு மொழியைப் பொறுத்துப் பதில் வரும். ஆடிக் கிருத்திகையும் ஆடிப்பெருக்கும் தமிழ்க் கணக்கு மட்டுமே. ஆடி 18இல் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அனுமன்தீர்த்தத்தில் நீராடக் கூட்டம் சேரும். அதே ஆறு ஓசூர்ப் பக்கம், கெலவரப்பள்ளி அணையருகே, பெங்களூர்க் கழிவு கலந்து நுரை பொங்க ஓடுவது உண்டு. அங்கே குளிக்க நினைக்க வேண்டாம்.

வானிலையும் காடும் தங்கள் பங்குக்கு நாள் குறிக்கின்றன. செப்டம்பர், அக்டோபரில் மழை வலுக்கும். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைப் பனி நெடுஞ்சாலையை மறைக்கும். சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் வெளிச்சம் வரும்வரை நிதானம் தேவை. அதே குளிர்காலத்தில் ராகி முற்றியிருக்கும். ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் இறங்கி, தேன்கனிக்கோட்டை, சானமாவு காடுகளில் முகாமிடும் பருவம் அது. அந்தப் பக்கத்துக் கோயில்களுக்குப் போகிறவர்கள் பொழுது நன்றாக விடிந்தபின் கிளம்பி, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். இருசக்கர வண்டிக்காரர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய மாலைகள் கோயில் பயணத்துக்கு ஆகவே ஆகாதவை. பெங்களூரிலிருந்து சொந்த ஊர் திரும்பும் வண்டிகள் அத்திப்பள்ளி முதல் ஓசூர் வரை வரிசைகட்டி நிற்கும். சேலம், தருமபுரி வழி வரும் ரயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மொத்தத்தில், கொண்டாட்டம் வேண்டுமானால் மார்ச் பௌர்ணமி. அமைதி வேண்டுமானால் பொங்கல் கழிந்து மகா சிவராத்திரி வரைக்கும் உள்ள வார நாள்கள். எதுவானாலும் நாள்காட்டித் தாளை மட்டும் நம்பி ரயில் டிக்கெட் எடுக்காமல், கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.