கைத்துப்பாக்கி விளையாட்டும் கனடாச் சட்டமும்: எமது குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை



2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளுக்குப் பின்னர் எமது உரை நிகழ்ச்சிக்கு இரண்டு கேள்விகள் வந்தன. இந்தியாவின் மனு பாக்கர் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு தாயார், "என்ரை மகளும் பழகவேணும் எண்டு நிக்கிறாள், இந்த நாட்டிலை அதுக்கு இடமிருக்கோ?" என்று கேட்டார். மற்றவர் ஒரு மகன். அவருடைய தந்தையார் நீண்டகாலம் துப்பாக்கிச் சுடும் கழகம் ஒன்றின் அங்கத்தவராக இருந்து காலமானவர். வீட்டு இரும்புப் பெட்டியில் இரண்டு பிஸ்ரல்கள் இருக்கின்றன, அவற்றைத் தன் பெயருக்கு மாற்றலாமா என்பது அவருடைய கேள்வி.

வானொலியில் இரண்டு நிமிடத்தில் சொன்ன பதிலை இங்கே விரிவாகத் தருகிறேன். தாயாரின் கேள்விக்குப் பதில் "ஆம்". மகனுக்கான பதில், பெரும்பாலும், "இல்லை". ஒரே நாட்டில், ஒரே வகைப் பொருளுக்கு ஏன் இரண்டு பதில்கள் என்பதை விளங்கிக்கொள்ள, விளையாட்டின் விதிகளையும் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்களில் பலருக்குத் "துவக்கு" என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். சோதனைச் சாவடியும் சுற்றிவளைப்பும் கண்டு வந்தவர்கள் நாங்கள். இந்தக் கட்டுரை எவரையும் துப்பாக்கி பழக அழைப்பதற்காகவோ பழகுபவரைக் குறை சொல்வதற்காகவோ எழுதப்படவில்லை. பிள்ளைகள் கேட்கும்போது தாய் தகப்பன் சரியான தகவலுடன் பதில் சொல்ல வேண்டும் என்பதே நோக்கம்.

ஒலிம்பிக் முறை

பாரிஸ் ஒலிம்பிக்கில் கைத்துப்பாக்கிக்கு ஐந்து போட்டிகள் இருந்தன. 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கியில் ஆண்கள், பெண்கள், கலப்பு இரட்டையர் என மூன்று. பெண்களுக்கு 25 மீற்றர் பிஸ்ரல். ஆண்களுக்கு 25 மீற்றர் விரைவுச் சூடு. முன்னர் இருந்த ஆண்களுக்கான 50 மீற்றர் பிஸ்ரல் போட்டி, 2016 ரியோ ஒலிம்பிக்குடன் நிறுத்தப்பட்டது. அது உடற்குறைபாடு உள்ளவர்களுக்கான பராலிம்பிக்கில் தொடர்ந்தது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் கால் இழந்தவர்களும் போட்டியிடக்கூடிய விளையாட்டு இது என்பதை எமது சமூகம் அறிந்திருப்பது நல்லது.

10 மீற்றர் போட்டியில் 4.5 மில்லிமீற்றர் ஈயச் சிறுகுண்டை அழுத்தப்பட்ட காற்று தள்ளுகிறது. வெடிமருந்து கிடையாது. தகுதிச் சுற்றில் 75 நிமிடத்துக்குள் 60 சூடுகள். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீற்றர்தான், ஒரு சட்டைப் பொத்தானளவு. துப்பாக்கியை ஒரு கையால் மட்டுமே பிடிக்கலாம். மற்றக் கையைப் பலர் காற்சட்டைப் பைக்குள் வைப்பார்கள். பாரிஸில் வெள்ளி வென்ற துருக்கி வீரர் யூசுப் டிகெச் அப்படி நின்ற படம் உலகெங்கும் பேசப்பட்டது. பலர் அதை அலட்சியம் என்று நினைத்தார்கள். உடம்பு ஆடாமல் இருப்பதற்கான வழக்கமான முறை அது.

விசையை இழுக்கத் தேவையான பாரம் 500 கிராமுக்குக் குறையக்கூடாது. துப்பாக்கியின் நிறை 1,500 கிராமைத் தாண்டக்கூடாது. போட்டிக்கு முன்னர் அதிகாரிகள் இவற்றை அளந்து பார்ப்பார்கள்.

25 மீற்றர் போட்டிகளில் 5.6 மில்லிமீற்றர், அதாவது .22 ரவை பயன்படுகிறது. பெண்கள் 30 சூடுகளை நிதானமாகவும் 30 சூடுகளை விரைவாகவும் சுட வேண்டும். விரைவுப் பகுதியில் இலக்கு மூன்று விநாடி மட்டுமே தரப்படும். அந்த நேரத்தில் கையை உயர்த்தி ஒரு சூடு. அடுத்ததற்கு ஏழு விநாடி இடைவெளி. ஆண்களின் விரைவுச் சூட்டில் ஐந்து இலக்குகளுக்கு ஐந்து சூடுகளை முதலில் 8 விநாடியிலும், பின்னர் 6 விநாடியிலும், கடைசியில் 4 விநாடியிலும் முடிக்க வேண்டும்.

இந்தப் பெண்கள் போட்டிக்கும் கனடாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கனடாவுக்கு முதலாவது தங்கத்தைப் பெற்றுத் தந்தவர் லிண்டா தொம். அவர் வென்றது 25 மீற்றர் பிஸ்ரல் போட்டியில்.

ஓடிச் சுடும் முறை

ஒலிம்பிக்கில் இல்லாத, ஆனால் கனடியக் கழகங்களில் பரவலாக உள்ள இன்னொரு முறை ஐ.பி.எஸ்.சி. எனப்படுவது. 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உருவான அமைப்பு இது. போட்டியாளர் இடம் மாறி மாறிச் சென்று, தடுப்புகளின் பின்னாலிருந்து பல இலக்குகளைச் சுடுவார். நேரமும் புள்ளியும் சேர்த்துக் கணக்கிடப்படும்.

கணக்காளன் என்ற முறையில் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பெற்ற புள்ளிகளை எடுத்த விநாடிகளால் பிரிக்க வேண்டும். ஒருவர் 20 விநாடியில் 100 புள்ளி எடுத்தால் விடை 5. இன்னொருவர் 25 விநாடியில் 110 புள்ளி எடுத்தால் விடை 4.4. கூடிய புள்ளி எடுத்தவர் பின்னுக்குப் போய்விடுவார். இலக்கைத் தவறவிட்டால் 10 புள்ளி கழியும். சுடக்கூடாத இலக்கில் பட்டாலும் 10 கழியும்.

பாதுகாப்பு விதிகள் மிகக் கடுமையானவை. துப்பாக்கியைக் கீழே விழவிட்டால், குழாயைக் குறித்த பாகைக்கு அப்பால் திருப்பினால், ரவைக்கூட்டை மாற்றும்போது விரல் விசைக் காப்புக்குள் இருந்தால், அன்றைய போட்டி அவருக்கு அத்துடன் முடிந்தது. எவ்வளவு பெரிய வீரர் என்றாலும் விதிவிலக்கில்லை.

சட்டம் சொல்வது என்ன?

கனடாவில் கைத்துப்பாக்கிகளைப் பதிவு செய்வது 1934ஆம் ஆண்டிலிருந்தே கட்டாயம். நீளத் துப்பாக்கிகளுக்கான பதிவேடு 2012இல் நீக்கப்பட்டபோதும் கைத்துப்பாக்கிப் பதிவு நீக்கப்படவில்லை. சட்டத்தில் அவை "கட்டுப்படுத்தப்பட்ட" வகையிலோ "தடைசெய்யப்பட்ட" வகையிலோ அடங்கும். குழாய் நீளம் 105 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்தவை தடைசெய்யப்பட்டவை. ரவைக்கூட்டில் பத்து ரவைக்கு மேல் கொள்ளக்கூடாது.

வைத்திருப்பவர் இரண்டு பாதுகாப்புப் பாடநெறிகளில் சித்தியடைந்து அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது தற்போதைய துணையின் விபரமும், முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் பிரிந்த துணையின் விபரமும் கேட்கப்படும். கழகத்துக்குக் கொண்டுசெல்லத் தனியான அனுமதி வேண்டும். ரவை அகற்றி, விசைப் பூட்டுப் போட்டு, உள்ளே தெரியாத பூட்டிய பெட்டியில் வைத்தே கொண்டுசெல்லலாம். வீட்டிலும் ரவையின்றிப் பூட்டியே வைக்க வேண்டும். தவறினால் அது குற்றவியல் குற்றம். வேட்டைக்குக் கைத்துப்பாக்கி பாவிக்க முடியாது. "கள்ளர் பயம்" என்பதும் பொதுவாக ஏற்கப்படும் காரணமல்ல.

2022 ஒக்ரோபர் 21ஆம் திகதியுடன் பெரிய மாற்றம் வந்தது. தனியாட்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. 2023 டிசம்பர் 15இல் அரச அங்கீகாரம் பெற்ற சி-21 சட்டமூலம் இதை நிரந்தரச் சட்டமாக்கியது. ஏற்கெனவே பதிந்து வைத்திருப்பவர்கள் தொடர்ந்து வைத்திருக்கலாம், கழகத்தில் சுடலாம். புதிதாக ஒருவர் பெற முடியாது.

இதற்கு முக்கியமான ஒரு விதிவிலக்கு, ஒலிம்பிக் அல்லது பராலிம்பிக் நிகழ்ச்சிநிரலில் உள்ள கைத்துப்பாக்கிப் போட்டிக்காகப் பயிற்சி பெறுபவர், போட்டியிடுபவர், பயிற்றுவிப்பவர் ஆகியோருக்கானது. மாகாண அல்லது தேசிய விளையாட்டு அமைப்பின் கடிதம் ஒன்றை அவர் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். எந்தப் போட்டி, அதற்கு அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கி ஏன் தேவை என்பது கடிதத்தில் இருக்க வேண்டும். ஐ.பி.எஸ்.சி. ஒலிம்பிக்கில் இல்லாததால் அந்த விளையாட்டுக்காரருக்கு இந்த விலக்கு இல்லை.

காற்றுத் துப்பாக்கியின் நிலை வேறு. சிறுகுண்டின் வேகம் விநாடிக்கு 152.4 மீற்றரையும் அதன் சக்தி 5.7 யூலையும், இரண்டையும் சேர்த்துத் தாண்டினால்தான் அனுமதிப்பத்திரம் தேவை. இரண்டில் ஒன்றேனும் அந்த எல்லைக்குள் இருந்தால் தேவையில்லை. வாங்குமுன் இந்த இரண்டு எண்களையும் கேட்டுப் பாருங்கள். ஆகவே அந்தத் தாயாரின் மகள் கழகம் ஒன்றில் 10 மீற்றர் பிரிவில் தொடங்கலாம். ஆனால் வீட்டுப் பின்வளவில் சுடுவதைப் பல நகரசபைகள் தடைசெய்துள்ளன. தெருவில் கையில் வைத்திருந்தால், பொலிஸார் அதை உண்மைத் துப்பாக்கி என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இரு பக்க நியாயம்

துப்பாக்கி உரிமையாளர் சங்கங்களுக்கு இந்த முடக்கம் பெரும் மனக்குறை. புதியவர் வர முடியாத விளையாட்டு மெல்ல அழிந்துவிடும் என்கிறார்கள். குற்றம் செய்பவன் அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டா வருகிறான் என்றும் கேட்கிறார்கள். 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் 22 பேரைக் கொன்றவனிடம் அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை. அவனுடைய துப்பாக்கிகளில் பல அமெரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்டவை. பணக் கணக்கிலும் அவர்களுடைய குறை விளங்கக்கூடியது. பல ஆயிரம் டொலருக்கு வாங்கிய பொருளுக்கு இன்று வாங்குபவர் மிகச் சிலரே. 2020 முதல் தடைசெய்யப்பட்ட தாக்குதல் பாணித் துப்பாக்கிகளுக்கு அரசு நட்டஈட்டுத் திட்டம் வைத்தது. முடக்கப்பட்ட கைத்துப்பாக்கிகள் அதில் அடங்கவில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2006 செப்ரெம்பரில் மொன்றியல் டோசன் கல்லூரியில் ஒரு மாணவியைக் கொன்று பலரைக் காயப்படுத்தியவன் சட்டப்படி பதிந்த துப்பாக்கிகளையே கொண்டுவந்தான். அதன் பின்னர்தான் கியூபெக் மாகாணம் கழக அங்கத்துவத்துக்குத் தனிச் சட்டம் இயற்றியது. 2018 யூலையில் ரொறொன்ரோ டான்போர்த் வீதியில் இருவரைப் பலியெடுத்த கைத்துப்பாக்கி, சஸ்கச்சுவான் மாகாணக் கடையொன்றிலிருந்து திருடப்பட்டது. மேலும், கனடாவில் துப்பாக்கியால் ஏற்படும் மரணங்களில் பெரும்பான்மை தற்கொலைகள். மனச்சோர்வைப் பற்றிப் பேசத் தயங்கும் எமது வீடுகளுக்கு இது சிந்திக்க வேண்டிய விடயம்.

எமது குடும்பங்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, மரணசாசனம். வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் எவரும் அதை இன்றே சொத்துப் பட்டியலில் எழுதி, இலக்கத்தையும் பதிவுப் பத்திரத்தையும் இருக்குமிடத்தையும் நிறைவேற்றுனருக்குத் தெரியப்படுத்த வேண்டும். உரிமையாளர் இறந்தால் நிறைவேற்றுனர் நியாயமான காலத்துக்கு அதைப் பாதுகாப்பில் வைத்திருக்கலாம். அதற்குள் விலக்குப் பெற்ற ஒருவருக்கோ உரிமம் பெற்ற வியாபாரத்துக்கோ கொடுக்கலாம், முறைப்படி செயலிழக்கச் செய்யலாம், ஏற்றுமதி செய்யலாம், அல்லது பொலிஸாரிடம் ஒப்படைக்கலாம். மகன் ஒலிம்பிக் விலக்குக்குள் வராவிட்டால் தந்தையின் பிஸ்ரல் அவர் பெயருக்கு மாறாது. அந்த மகனுக்கு நான் சொன்னது இதுதான்: பெட்டியைத் திறக்காமல், மத்திய பொலிஸின் துப்பாக்கித் திட்ட அலுவலகத்துடன் முதலில் பேசுங்கள்.

இரண்டாவது, பாவனையற்ற துப்பாக்கி ஒன்று எங்காவது கிடைத்தால் காரில் வைத்துப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, பொலிஸாரை அழைத்து வந்து எடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வீட்டில் வன்முறையோ தற்கொலை எண்ணமோ உள்ள ஒருவரிடம் துப்பாக்கி இருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. சி-21 சட்டத்தின்படி எவரும் நீதிமன்றத்தில் அவசர உத்தரவு கோரலாம். குடும்ப வன்முறைக்கான பாதுகாப்பு உத்தரவு உள்ளவருக்கு அனுமதிப்பத்திரம் கிடையாது. உடனடி ஆபத்து என்றால் 911.

நான்காவது, இளைஞர்களுக்கு. "சினேகிதன்ரை சாமான், கொஞ்ச நாள் வைச்சிரு" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். துப்பாக்கி கடத்துவதற்கும் சட்டவிரோதமாகக் கைமாற்றுவதற்கும் உச்சத் தண்டனை 14 ஆண்டு. குடியுரிமை எடுக்காத நிரந்தர வதிவாளர் ஒருவர், பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டால், இந்த நாட்டில் இருக்கும் உரிமையையே இழக்க நேரலாம். நீதிமன்றம் குறைந்த தண்டனை தந்தாலும் இது பொருந்தும். அகதியாக வந்து, எல்லாவற்றையும் மறுபடி தொடங்கிய ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய நட்டம் வேறில்லை.

இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் சொந்த விடயத்துக்குச் சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை பெறுங்கள். அடுத்த மாத இதழில் மரணசாசனமும் நிறைவேற்றுனரின் கடமைகளும் பற்றி எழுதுகிறேன். கேள்விகளை நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள்.