மைசூர் அருகே ஒரு பாலைவனம்! மணலில் புதைந்த தலைநகரத்துக்கு குடும்பத்துடன் 2 நாள் பயணம்

பாலைவனம் எப்படி இருக்கும்?

பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒட்டகத்தையும் மணல்மேட்டையும் பார்த்த பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. காட்டுவதற்கு ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் இருக்கிறது. ஆனால் பெங்களூரில் இருந்து அது 2 ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் உள்ளது. போய் வருவதற்கே ஒரு வார லீவு போய்விடும். ரெயில் கட்டணம், ஓட்டல் செலவு என்று கணக்குப் போட்டால் மாதச் சம்பளம் போதாது.

கவலை வேண்டாம். மைசூரில் இருந்து சுமார் 45 கிலோ மீட்டர் தூரத்தில், காவிரிக் கரையில் ஒரு மணல் நகரம் இருக்கிறது. அதுதான் தலக்காடு. ஒரு காலத்தில் பெரிய ராஜ்யத்தின் தலைநகரம். இன்று மணல்மேடு!

சோழர் வைத்த பெயர்

கங்க மன்னர்கள் முதலில் கோலாரில் இருந்து ஆண்டார்கள். பிறகு தலைநகரைத் தலக்காட்டுக்கு மாற்றினார்கள். 11-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராஜராஜ சோழன் காலத்தில், சோழர் படை இந்த ஊரைப் பிடித்தது. ஊருக்கு "ராஜராஜபுரம்" என்று பெயர் சூட்டப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேல் அது சோழர் கையில் இருந்தது.

1116-ம் ஆண்டில் ஒய்சாள மன்னர் விஷ்ணுவர்த்தனர் சோழர்களிடம் இருந்து தலக்காட்டைக் கைப்பற்றினார். "தலக்காடு கொண்டவன்" என்று பட்டமும் சூட்டிக்கொண்டார். அந்த வெற்றியின் நினைவாக அவர் எழுப்பியதுதான் கீர்த்திநாராயணர் கோவில். பிற்காலத்தில் மணலில் மூழ்கிக் கிடந்த அந்தக் கோவிலை இப்போது பார்க்கலாம்.

சாபமா, காற்றா?

நகரம் ஏன் புதைந்தது? ஊர் மக்கள் ஒரு கதை சொல்வார்கள்.

1610-ம் ஆண்டில் மைசூர் மன்னர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தார். அங்கே விஜயநகரப் பேரரசின் பிரதிநிதியாக இருந்தவரின் மனைவி அலமேலம்மா. அவரிடம் இருந்த நகைகளைக் கேட்டு ஆட்கள் விரட்டியபோது, அவர் மாலங்கி என்ற இடத்தில் காவிரியில் குதித்துவிட்டாராம். குதிக்கும் முன் மூன்று சாபம் கொடுத்தாராம். தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் மன்னர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும்!

ஆராய்ச்சியாளர்கள் வேறு காரணம் சொல்கிறார்கள். தலக்காட்டில் காவிரி வளைந்து ஓடுகிறது. வளைவின் உட்புறத்தில் ஆறு மணலைக் கொண்டுவந்து சேர்ப்பது இயல்பு. 14-ம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சியின்போது, மாதவ மந்திரி என்பவர் இங்கே ஆற்றின் குறுக்கே அணை கட்டினார். நீரோட்டம் குறைந்தது. காய்ந்த மணல் வெளியே தெரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்று அதை அள்ளிக்கொண்டு வந்து ஊர்மேல் கொட்டியது. ஆண்டுக்காண்டு மேடு வளர, மக்கள் வீடுகளைக் காலி செய்துவிட்டுத் தள்ளிப்போய்க் குடியேறினார்கள்.

ஏழு இடம் வேண்டாம்!

பொதுவாக மைசூருக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒரே நாளில் ஏழெட்டு இடம் காட்டும் டூரிஸ்ட் பஸ்சில் ஏறுகிறார்கள். அரண்மனையில் அரை மணி, மிருகக்காட்சி சாலையில் ஒரு மணி, மலையில் வரிசை, இரவில் பிருந்தாவனம். குழந்தை அழுகிறது. பாட்டிக்குக் கால் வீங்குகிறது. மறுநாள் வேலைக்குப் போகிறவர் கண்ணைத் திறக்க முடியாமல் போகிறார்.

வருடத்தில் கிடைக்கும் லீவெல்லாம் ஊருக்குப் போகவே சரியாக இருக்கிறது. பொங்கல், கோவில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து. அவற்றை விடமுடியாது. ஆனால் அந்த நாட்களில் ஊரில் உள்ள எல்லோரிடமும் பேசுகிறோம்; நம் வீட்டுப் பிள்ளையிடம் பேச நேரம் கிடைப்பதில்லை. அதற்காக ஒதுக்கும் இந்த 2 நாளிலும் ஓட்டம் எதற்கு? மூன்றே இடம் போதும்.

சனிக்கிழமை

பெங்களூரில் இருந்து மைசூர் 138 கிலோ மீட்டர். பகல் முழுவதும் ரெயில்கள் இருக்கின்றன. 2 முதல் 3 மணி நேரத்தில் போய்விடலாம். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை. 5 வயது முதல் 12 வயதுக்குள் என்றால் முன்பதிவு இல்லாத பெட்டியில் அரை டிக்கெட். முதியோருக்கான கட்டணச் சலுகை 2020-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே பாட்டிக்கு முழு டிக்கெட்தான்.

அரைநாள் வேலை முடித்துவிட்டுப் புறப்பட்டாலும் மாலையில் போய்ச் சேரலாம். பஸ் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ஒரே ஒரு இடம், தேவராஜ மார்க்கெட். மலைபோல் குவிந்த குங்குமம், மைசூர் மல்லிகை, நஞ்சன்கூடு ரசவாழை. சுற்றிப் பார்க்கக் காசு இல்லை! சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் தூங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

காலை 6.30 மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். காரணம் இருக்கிறது. கோவில் மண்ணில் வெறுங்காலோடு நடக்க வேண்டியிருக்கும். வெயில் ஏறிவிட்டால் மணல் பாதத்தைச் சுட்டுவிடும். நேர் பஸ் இல்லாவிட்டால் டி.நரசிபுரத்தில் மாறலாம். கபினி ஆறு காவிரியோடு சேரும் ஊர் அது. கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வைத்திருக்கும் பெண்களுக்கு, அரசு சாதாரண பஸ்களில் 2023 ஜூன் முதல் கட்டணம் இல்லை. அட்டையை மறக்க வேண்டாம்.

முதலில் வைத்தியேஸ்வரர் கோவில். யானைகள் பூஜித்த மரத்தைத் தலன், காடன் என்ற இரு வேடர்கள் வெட்ட, ரத்தம் கொட்டியதாம். இன்ன இலையை வைத்துக் கட்டு என்று மருந்து சொன்ன குரல் சிவனுடையதாம். தன் காயத்துக்குத் தானே வைத்தியம் பார்த்த சிவன்! நடக்க முடியாத பெரியவர்கள் இங்கேயே நிழலில் உட்கார்ந்து கொள்ளலாம்.

மற்றவர்கள் மணலில் நடந்து பாதாளேஸ்வரர், மரளேஸ்வரர், கீர்த்திநாராயணர் கோவில்களைப் பார்க்கலாம். கன்னடத்தில் "மரளு" என்றால் மணல். கோவில்கள் பள்ளத்தில் இருக்கும். மேலே நின்று பார்த்தால், எத்தனை ஆள் உயரத்துக்கு மணல் மூடியிருந்தது என்று பிள்ளைகளுக்கே புரியும். பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆற்றில் எச்சரிக்கை

காவிரியில் கால் நனைக்காமல் யாரும் திரும்ப மாட்டார்கள். இதே தண்ணீர்தான் ஒகேனக்கல், மேட்டூர், திருச்சி வழியாக நம் ஊர்ப் பக்கம் போகிறது.

ஆனால் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். அலமேலம்மா சாபத்தில் "மடு" என்று வருகிறதே, அதை நம்பாதவர்களும் இந்த ஒரு விஷயத்தில் நம்ப வேண்டும். மணல் ஆற்றில் அடுத்த அடியே ஆள் ஆழமாக இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களையும் சுழல் இழுத்துவிடும். மழைக்காலத்தில் மேலே கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளில் தண்ணீர் திறந்தால் ஆறு திடீரென்று உயரும். பிள்ளையின் கையை விடாதீர்கள். இந்தப் பயணத்துக்குக் கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம்.

மாலை 7 மணி

பகல் சாப்பாட்டுக்கு மைசூர் திரும்பி, நன்றாகத் தூங்கி எழுந்து, 4 மணிக்கு அரண்மனைக்குப் போகலாம். பழைய மர அரண்மனை 1897-ல் தீக்கிரையானது. இப்போதுள்ளது 1912-ல் கட்டி முடிந்தது. வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின். சென்னை எழும்பூர் ரெயில் நிலையத்தை வடிவமைத்தவரும் அவரே!

ஞாயிறு மாலை 7 மணிக்கு, ஏறக்குறைய 1 லட்சம் விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும். அதற்குக் கட்டணம் இல்லை. பார்த்துவிட்டு இரவு ரெயிலைப் பிடிக்கலாம். நேரத்தை முன்கூட்டியே விசாரித்து டிக்கெட் எடுத்து வைப்பது நல்லது. திங்கட்கிழமையும் விடுமுறையாக அமைந்தால், இரவு தங்கிக் காலையில் புறப்படலாம்.

சாமுண்டி மலை? மிருகக்காட்சி சாலை? பிருந்தாவனம்? சோமநாதபுரம்? அவை எங்கும் ஓடிப்போகாது. அடுத்த முறை பார்க்கலாம். இந்த முறை, பிள்ளை மணலில் விளையாடி முடிக்கும் வரை "நேரமாச்சு, கிளம்பு" என்று சொல்லாமல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். போன பயணம் வீண் இல்லை.