பெருங்கோப்புகளை விரைந்து அனுப்புதல்: ஆதாயம் எப்பொழுது?

நமது சங்கங்களின் கணக்குகள், நெசவு மாதிரிகள், சேலைப் படங்கள், ஏலத் தோட்டங்களின் நில வரைபடங்கள் முதலியன இன்று கணினிக் கோப்புகளாக மாறி வருகின்றன. அவற்றை வெளியூர்களுக்கு அதிவேகமாக அனுப்பித் தருவதாகப் பல சேவைகள் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றிற்கான மாதக் கட்டணம் அங்கத்தினர்களின் பொதுப் பணத்திலிருந்தே செல்ல வேண்டும். ஆகவே, வேகம் எப்பொழுது ஆதாயம் தரும், எப்பொழுது வீண் செலவாகும் என்பதை நிர்வாகக் குழுவினர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

இதனை விளக்க நமது மலைச் சரிவிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் தொடங்கி, 1908-இல் குறுகிய இருப்புப் பாதையாக மாற்றப்பட்ட ரயில், மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொணர்ந்தது. அங்கிருந்து கம்பிவடப் பாதை வழியாகப் பெட்டிகள் கொட்டகுடிப் பக்கம் இறங்கின. பின்னர் மாட்டு வண்டிகளில் போடிநாயக்கனூரை அடைந்தன. 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அந்த மலை ரயில் அழிந்தது. மேலே ரயில் எவ்வளவு விரைந்து ஓடினும், கீழே வண்டிகள் சுமந்த அளவுக்கு மேல் சரக்கு போடியை அடைந்திருக்க இயலாது. வழியில் மிக மந்தமான பகுதி எதுவோ, அதுவே முழு வழியின் வேகத்தை நிர்ணயிக்கிறது.

கோப்பு அனுப்புவதிலும் இதே நியதி பொருந்தும். பல இணைப்புகளில் கோப்பைப் பெறும் வேகம் அதிகமாகவும், அனுப்பும் வேகம் மிகக் குறைவாகவும் இருக்கும். விளம்பரத்தில் காண்பது பெரும்பாலும் பெறும் வேகமே. மேலும், கோப்பின் அளவு 'பைட்' கணக்கிலும், இணைப்பின் வேகம் 'பிட்' கணக்கிலும் கூறப்படுகின்றன. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். இதனை மறந்தால் கணக்கு எட்டு மடங்கு பிசகும்.

ஆண்டிபட்டி வட்டாரத்து நெசவாளர் சங்கம் ஒன்று 200 சேலைகளின் படங்களை வெளியூர் வணிகருக்கு அனுப்புவதாகக் கொள்வோம். சுருக்கப்படாத படம் ஒன்று 72 மெகாபைட் எனில், மொத்தம் 14.4 கிகாபைட். விநாடிக்கு 10 மெகாபிட் அனுப்பும் இணைப்பில் இதற்கு 3 மணி 12 நிமிடம் ஆகும். 100 மெகாபிட் இணைப்பில் 19 நிமிடம் போதும். ஆனால் படங்களைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால், பழைய இணைப்பிலேயே அதே 19 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வணிகர் பார்வையிடுவதற்குச் சுருக்கிய படமே போதுமாயின், கூடுதல் கட்டணம் எதற்கு?

தூரமும் கருதத்தக்கது. சாதாரண முறையில், கணினி ஓரளவு தகவலை அனுப்பிவிட்டு, அது சேர்ந்ததென்ற மறுமொழிக்குக் காத்திருக்கும். கடல் கடந்த ஊராயின் இக்காத்திருத்தல் நீளும். வழியில் தகவல் சிதறினால் வேகம் மேலும் குறையும். விரைவுச் சேவைகள் ஒரே கோப்பைப் பல கூறுகளாக ஒருங்கே அனுப்பியும், தவறிய கூறுகளை மட்டும் மீண்டும் அனுப்பியும் இக்குறையைப் போக்குகின்றன. இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி, மின்சாரம் அடிக்கடி தடைப்படும் மலைச் சரிவுகளில் வேகத்தினும் பெரிய உதவியாகும்.

இனி, ஏலக்காய் விவசாயிகளின் நிலையைக் காண்போம். ஸ்பைசஸ் போர்டு எனப்படும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் கேரளத்துப் புத்தடியிலும் நடைபெறுகிறது. ஏலத்தில் ஒரு வணிகர் கேட்கும் விலை சில எழுத்துகளே. அதற்குப் பெருங்கோப்புச் சேவை எவ்விதத்திலும் உதவாது; அறுபடாத, தாமதமற்ற இணைப்பே வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிப் பணம் செலவிடுதல் கூடாது.

அவ்வாறாயின் ஆதாயம் யாருக்கு? கோப்பு உண்மையிலேயே பெரிதாக இருத்தல், அடிக்கடி அனுப்ப வேண்டியிருத்தல், தாமதத்தால் பண நஷ்டம் நேர்தல் ஆகிய மூன்றும் கூடிய தொழிலுக்கே முழு ஆதாயம் உண்டு. குறித்த நாளில் பல ஊர்களில் வெளியாக வேண்டிய திரைப்படம் இதற்குத் தக்க சான்று. நமது சங்கங்களில், நிறம் சிறிதும் மாறாத படங்களை வாரந்தோறும் அயல்நாட்டிற்கு அனுப்பி, அவற்றின் பேரில் ஆர்டர் பெறும் நெசவாளர் சங்கம் இவ்வகையில் அடங்கும்.

ஆண்டுக்கொருமுறை மட்டும் பெருந்தொகுதி அனுப்புவோருக்குப் பேருந்தே சிறந்தது. ஒரு டெராபைட் அளவைப் போடியிலிருந்து மதுரைக்கு 100 மெகாபிட் இணைப்பில் அனுப்ப 22 மணி நேரத்திற்கு மேலாகும். அதே தகவலை ஒரு வட்டில் பதிந்து, கடவுச்சொல்லால் பூட்டி, நம்பகமான ஊழியரிடம் கொடுத்தனுப்பினால் மூன்று மணி நேர அளவில் சேர்ந்துவிடும்.

எனவே, புதிய சேவைக்குத் தீர்மானம் நிறைவேற்றுமுன், ஒரு மாத காலம் குறிப்பேடு ஒன்று வைத்து வருதல் நலம். அனுப்பிய கோப்பின் அளவு, பிடித்த நேரம், தாமதத்தால் நேர்ந்த நஷ்டம் ஆகியவற்றை அதில் எழுதுக. அந்த நஷ்டம் மாதக் கட்டணத்தினும் அதிகமாயிருந்தால் சேவையைப் பெறலாம். குறைவாயின், அப்பணத்தை நூல் கொள்முதலுக்கோ உலர் களத்திற்கோ பயன்படுத்துவதே அங்கத்தினர்களுக்கு நன்மை பயக்கும்.