மாப்பிள்ளை குடிவரும் கரை

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை ஊர்களில், கலியாணம் முடிந்ததும் இடம் மாறுகிறவன் மாப்பிள்ளைதான். செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை என்று தெற்கு நோக்கி நீளும் இந்த ஊர்களில் பெண் தான் பிறந்து வளர்ந்த வளவை விட்டுப் போவதில்லை. பெரியவர்கள் பேசி முடித்த ஆண் அவளுடைய வீட்டுக்கு வந்து குடியேறுகிறான். வீடு அவளுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. பேச்சுக் கலியாணத்தில் அன்பு எப்படி வேர் பிடித்தது என்று அறிய விரும்புகிறவர்கள் இந்த ஏற்பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குடியேற்ற ஆட்சிகளுக்கு மட்டக்களப்பு ஓர் எல்லைப்புறமாகவே இருந்தது. புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628இல். பத்து ஆண்டுகளில், 1638இல், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். கரையோரம் முழுவதும் ஒல்லாந்தருக்கு உரியது என்று கண்டி ஏற்றுக்கொண்டது 1766 உடன்படிக்கையில். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். கொடிகள் மாறின. ஆனால் யார் யாரைக் கட்டலாம், காணி யாருக்குப் போகும் என்பவற்றை நெடுங்காலம் தாய்வழிக் குடியும் கோயிலும் பெருநிலக்காரரான போடிமாரும்தான் தீர்மானித்தனர்.

எல்லைக்குள்ளே இன்னோர் எல்லையும் இருந்தது. வாவியின் மேற்கே படுவான்கரை. எழுவான்கரைக் குடும்பங்கள் பலவற்றின் வயல் அங்கேதான். விதைப்புக் காலம் வந்தால் ஆண்கள் தோணியேறி அக்கரை போய், வயல்வாடியில் தங்கி, யானைக்கும் பன்றிக்கும் பரண் கட்டிக் காவல் இருந்து, களவெட்டியில் சூடு அடித்து முடித்தபின் நெல்லோடு திரும்புவார்கள். இடையில் வாரக்கணக்கில் வீடு பெண்களின் கையில். இடம் மாறாமல் ஓரிடத்தில் இருந்தவள் அவளே என்பதால் வளவும் வீடும் அவளோடு நின்றது இயல்பாகவே தோன்றுகிறது.

குடி என்பது தாய்வழி வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் கூடாது, அவர்கள் உடன்பிறப்பு முறை. தாய்மாமன் பிள்ளையும் மாமி பிள்ளையும் உரிமையுள்ளவர்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண் கொண்டும் கொடுத்தும் வந்த குடிகள் ஒன்றையொன்று நன்கு அறிந்தவை. ஆகவே பெரியவர்கள் பேசி முடித்த மாப்பிள்ளை பல வேளைகளில் முகம் தெரியாதவன் அல்லன். சிறுவயது முதல் ‘மச்சான்’ என்று அழைத்துக் கேலி பேசப் பழகியவன். மட்டக்களப்பின் நாட்டார் கவிகளில் மச்சானும் மச்சாளும் ஓயாமல் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டே இருப்பதன் காரணம் இதுதான். 1964இல் வெளிவந்த வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இப்பாடல்களுக்கு உரிய இடம் கொடுத்தது. அவற்றில் ஏங்கும் காதலர் பெரும்பாலும் முறைக்குள் நிற்கிறவர்கள். பெற்றோர் விருப்பமும் பிள்ளைகள் விருப்பமும் ஒரே ஆள்மேல் விழுவதற்கு இடம் இருந்தது. எப்போதும் அப்படி விழுந்தது என்று சொல்வதற்கில்லை.

கலியாணத்துக்குப் பிந்திய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள வளவைப் பார்த்தால் போதும். மூத்த மகளுக்குக் கலியாணம் ஆனதும் பெற்றோர் தாங்கள் இருந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய பிள்ளைகளுடன் அதே வளவில் அல்லது அடுத்த வளவில் சிறிதாக ஒன்றைக் கட்டி ஒதுங்குவார்கள். அது இரண்டாவது மகளுக்கு என்று மெல்லப் பெரிதாகும். அவளுக்கும் முடிந்தால் இன்னொன்று. இப்படி ஒரு தலைமுறைக்குள் அக்காவும் தங்கையும் கூப்பிடு தூரத்தில், தாய் நடுவில். பிள்ளைப்பேறு என்றால் தாய் ஓடிவர வேலியைத் தாண்டினால் போதும். இந்தப் பெண்களின் உலகத்துக்குள் புதிதாக நுழைகிறவன் கணவன். கலியாணமான சில நாளில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போய்வரும் சடங்கு உண்டு. அது விருந்து. வாழ்வது மனைவி வளவில்.

தமிழகத்தின் பெரும்பகுதியில் புதுப்பெண் அனுபவிக்கும் அச்சம் இங்கே அவளுக்குக் குறைவு. அன்னிய வீட்டில் மாமியாரின் முகம் பார்த்து அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. மாறாக, மாமன் மாமியின் நன்மதிப்பைச் சம்பாதிக்க வேண்டியவன் அவன். கை நீட்டினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பலவந்தத்துக்கு இடம் சுருங்கும்போது பரிவுக்கு இடம் பெருகும். பேச்சுக் கலியாணம் காதலாக முதிர்வதற்கு வேண்டிய முதல் நிபந்தனை பெண்ணின் பயமின்மை. அதை மட்டக்களப்பு மரபு வீடாகவும் காணியாகவும் கொடுத்தது.

‘வந்தாரை வாழவைக்கும்’ ஊர் என்று மட்டக்களப்புக்குப் பெயர். பிரித்தானியர் காலத்தில் வெளியூரிலிருந்து, குறிப்பாக யாழ்ப்பாணத்திலிருந்து, உத்தியோகம் பார்க்கப் போன பலர் அங்கேயே கலியாணம் செய்து தங்கிவிட்டார்கள். அங்கே பெண்கள் மந்திரம் போட்டுப் பாயில் ஒட்டவைத்துவிடுவார்கள் என்று பிற ஊரார் இன்றும் சொல்வதுண்டு. அந்தப் பெண்களுக்கு இது பெரிய அநியாயம். வந்தவனுக்குக் கிடைத்தது ஒரு வீடு, வயல், அவனை மருமகனாக ஏற்ற ஒரு குடும்பம், தன் சொந்த நிலத்தில் தலைநிமிர்ந்து நின்ற ஒரு மனைவி. அவன் திரும்பிப் போகாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

குடியேற்ற ஆட்சி இந்த மரபை அப்படியே விட்டுவைக்கவில்லை. யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தர் 1707இல் தேசவழமை என்று தொகுத்தார்கள். மட்டக்களப்பில் முக்குவர் சமூகத்தின் பெயரால் வழங்கிய தாய்வழி மரபுரிமை வழக்கான முக்குவர் சட்டத்துக்கு அப்படியொரு தொகுப்பு அமையவில்லை. கிறிஸ்தோபர் பிரிட்டோ அதைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியது 1876இல்தான். அந்தப் பழைய வழக்கில் ஆணின் முதுசக் காணி அவன் பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. அவன் தானாகச் சம்பாதித்த தேட்டம் வேறு. பிரிட்டோவின் நூல் வந்த அதே 1876இல் விவாக உரிமைகள், மரபுரிமை பற்றிய 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வந்தது. முக்குவர் சட்டம் நீதிமன்றத்தில் செல்வாக்கிழந்தது.

அதன்பின் காணியைத் தாய்வழியில் வைத்திருக்க ஒரு வழிதான் மிஞ்சியது. கலியாணத்தின்போதே மகளுக்குச் சீதனமாக எழுதிவிடுவது. 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, வீடும் வயலும் பெரும்பாலும் மகள்மாருக்கே சீதனமாகப் போவதை விரிவாக எழுதியிருக்கிறார். இந்த மாற்றம் கணவன் மனைவி உறவையும் மாற்றியிருக்க வேண்டும். முன்பு முதுசக் காணியைப் பொறுத்தவரை ஆணின் கடமை அக்கா தங்கை பிள்ளைகள் பக்கம் இருந்தது. இப்போது அவன் உழுவது மனைவியின் வயலை, கட்டுவது தன் மகளின் வீட்டை. இருவருக்கும் ஒரே கவலை, ஒரே கணக்கு. அக்கரை வாடியில் அவன் படும் பாடும் இக்கரையில் அவள் சேர்க்கும் காசும் ஒரே கூரைக்காக. பேசிவைத்த உறவை நெருக்கமாக்குவதில் இந்தக் கூட்டு உழைப்பை மிஞ்சியது அதிகம் இல்லை.

மரபின் கசப்பையும் மறைக்கக் கூடாது. மகள்மாருக்கு வீடு கட்டித் தீராமல் தகப்பன்மார் கடனில் அமிழ்ந்தார்கள். சகோதரிகளைக் கரையேற்றும்வரை அண்ணன் தம்பிமார் தங்கள் கலியாணத்தைத் தள்ளிப்போட்டார்கள். வீடு கொடுக்க வழியில்லாத பெண்ணைக் கேட்டு வருவார் இல்லை.

ஊரின் வழிபாட்டிலும் கணவன் மனைவி உறவே நடுவில் இருக்கிறது. செட்டிபாளையத்திலும் வாவியின் இருபுறத்து ஊர்கள் பலவற்றிலும் கண்ணகை அம்மனுக்கு வைகாசியில் சடங்கு நடக்கும். கலியாணக்கால் நாட்டி, கடைசியில் குளிர்த்தி பாடி அம்மனின் கோபத்தைத் தணிப்பார்கள். பழைய கொம்புமுறி விளையாட்டில் ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, முறியும்வரை இழுத்து, எதிர்ச்சேரியை வசைபாடுவார்கள். குடி தாய்வழி என்றால் சேரி தகப்பன்வழி. ஆகவே ஒரே வீட்டுக் கணவனும் மனைவியும் எதிரெதிர்ச் சேரிகளில் நிற்க நேரலாம். கணவன் மனைவிப் பிணக்கை ஊரே கூடி விளையாடித் தீர்த்த சடங்கு அது.

பெண்ணின் பெயரிலிருந்த நிலத்துக்கு அடுத்த அடி அரசின் காணிக் குடியேற்றத் திட்டங்களால் விழுந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வாரிசு வரிசையில் ஆணுக்கு முன்னுரிமை கொடுத்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் தெற்கை அடியோடு மாற்றியது. தாய்வழிக் காணி மரபுள்ள மண்ணில் அரச காணி ஆண் வாரிசை முன்னிறுத்தியே கைமாறியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுத்த வீடுகளிலும் இதே கதை. சீதன வீட்டைக் கடலுக்குக் கொடுத்த பெண்கள் பலருக்குப் புதுவீடு ‘குடும்பத் தலைவர்’ என்று கணவன் பெயரில் வந்தது.

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாரிசு வரிசையில் இருந்த பாகுபாட்டை 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நீக்கியிருக்கிறது. ஆனால் அரச காணி அனுமதிப்பத்திரங்கள் பழைய பெயர்களில்தான் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் மகளுக்குக் கலியாணம் பேசும் பெற்றோர், பேச்சு முற்றாகுமுன் காணி உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ எடுத்து அதில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அனுமதிப்பத்திரத்தில் பெயர் மாற வேண்டியிருந்தால் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் இப்போதே கேட்டு வைக்கலாம்.