படைவீரர் நலச் சட்டங்களும் கட்சி அரசியலும்: இரணைமடுவிலிருந்து ஒரு நோக்கு

போரில் உறுப்பிழந்தோருக்கு அரசு வழங்கும் உதவி கட்சி அரசியலுக்கு அப்பாற்பட்டது எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. ஆயின், அவ்வுதவி சட்டமாகும்போது, யாருடைய இழப்பை அரசு தன் இழப்பாக ஏற்கின்றது என்ற வினாவுக்கும் விடை அளிக்கப்பட்டுவிடுகின்றது. அவ்விடையைத் தீர்மானிப்பதில் வாக்குக் கணக்குக்குப் பெரும் பங்குண்டு.

இதனை ஆராய இரணைமடு தக்கதோர் இடமாகும். 1920இல் கட்டிமுடிக்கப்பட்ட குளத்தை நம்பி வாழும் விவசாயப் பிரதேசம் அது. விடுதலைப் புலிகளின் விமான ஓடுபாதை அமைந்திருந்த இப்பகுதியை 2009 ஜனவரியில் இராணுவம் கைப்பற்றியது. பின்னர் அங்கு விமானப்படைத் தளம் நிலைகொண்டது. இரு தரப்பினரும் குருதி சிந்திய மண் இது. ஆயினும், காயம் ஒன்றாக இருந்தபோதும் அதற்குரிய சட்டம் ஒன்றாக இருக்கவில்லை.

அரச படையினரைப் பொறுத்தவரை, 1999இல் பொதுசன ஐக்கிய முன்னணி ஆட்சி ரணவிரு சேவா அதிகாரசபைச் சட்டத்தை இயற்றியது. 2008இல், மகிந்த ராஜபக்ச ஆட்சியில், படையினரின் வீடமைப்புக்கென ‘அபி வெனுவென் அபி’ நிதியம் சட்டமூலம் நிறுவப்பட்டது. படைகளுக்கு ஆள் வழங்கிய கிராமப்புறச் சிங்களக் குடும்பங்கள் பெரும் வாக்குவங்கியாகவும் விளங்கியமையை இங்கு கருத்திற் கொள்ளல் வேண்டும்.

எனினும், ‘ரணவிரு’ என்ற புகழ்மொழி வறிய சிப்பாயின் வாழ்வை முற்றாகக் காத்தது எனக் கொள்வதற்கில்லை. பன்னிரண்டு ஆண்டுச் சேவை நிறைவுறுமுன் காயமுற்று விலகியோர் ஓய்வூதியம் கோரி 2016 நவம்பரில் கொழும்பில் ஆர்ப்பாட்டம் செய்தபோது, பொலிசார் நீர்த்தாரை பிரயோகித்து அவர்களைக் கலைத்தனர்.

மறுதரப்பினரின் நிலை வேறு. போரின் பின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வுக்கு உட்படுத்தப்பட்டனர். அவர்களுட் சிலருக்குப் பாதுகாப்பு அமைச்சின்கீழ் இயங்கிய சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளில் வேலை கிடைத்தது. இது சட்டம் வழங்கிய உரிமையன்று. நிருவாகம் வழங்கிய சலுகை. வழங்கிய கை விரும்பும்போது அதனை மீளப் பெறவும் இயலும்.

2018 ஒக்டோபரில் இழப்பீடுகளுக்கான அலுவலகச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. அது புலிகளுக்குப் பணம் வழங்கும் திட்டமென ராஜபக்ச அணியினர் எதிர்த்தனர். ஆதரவாக 59 வாக்குகளும் எதிராக 43 வாக்குகளும் அளிக்கப்பட்டன. 225 உறுப்பினருட் பாதிக்கு மேற்பட்டோர் வாக்களிக்கவேயில்லை. எதிர்த்தோரின் குரலைக் காட்டிலும் இம்மௌனமே ஆழ்ந்து நோக்கற்பாலது. தென்னிலங்கை வாக்காளர் முன் இச்சட்டத்துக்குப் பொறுப்பேற்கப் பலரும் தயங்கினர் என்றே நாம் கருதுகின்றோம்.

இத்தகைய நிலை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின் பின், வடபகுதி வீரரின் ஓய்வூதியம் குடியரசுக் கட்சியின் வாக்குப் பலமாயிற்று. 1887இல் சனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி கிளீவ்லண்ட் நிராகரித்த விரிவாக்கத்தை, 1890இல் குடியரசுக் கட்சியின் ஹரிசன் சட்டமாக்கினார். தோல்வியுற்ற தென்பகுதி வீரர் மத்திய அரசின் ஓய்வூதியத்திலிருந்து விலக்கப்பட்டனர். ஆயின் தென் மாநிலங்கள் தத்தம் திறைசேரிகளிலிருந்து அவர்களுக்கு உதவின. 2013 முதல் 2018 வரை இயங்கிய வட மாகாண சபைக்கு அத்தகைய நிதிவலு இருக்கவில்லை.

எனவே, உதவியின் அளவுகோல் அணிந்த சீருடையாக அன்றி, அடைந்த பாதிப்பாகவும் உள்ள தேவையாகவும் அமைதல் வேண்டும். அவ்வாறு அமையின், எக்கொடியின் கீழும் நில்லாது எறிகணையாற் காலிழந்த வன்னி விவசாயியும் அதனுள் அடங்குவான். இன்றைய சட்டங்களின் நோக்கில் இறுதியாகவே எண்ணப்படுபவன் அவனே.